தண்டையார்பேட்டை வாசலில் ஒரு பஞ்சர்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் கார் ஓட்டுகிறவன் நான். டயரில் ஆணி ஏறுவது எனக்குப் புதிதல்ல. டியூப்லெஸ் டயரென்றால் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றாமலே, துளையில் ரப்பர் திரியைச் செருகி அடைத்துவிடலாம்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வேறொரு சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுங்கள். துளை தெரியாவிட்டால் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். துளை பக்கவாட்டில் இருந்தால் தொடாதீர்கள். ஓடும்போது அந்த இடம் வளைந்து நிமிரும், திரி தங்காது. ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

தரையில் படும் பகுதியென்றால், ஆணி சாய்ந்திருக்கும் கோணத்தைக் கவனித்துக் குறடால் பிடுங்குங்கள். அதே கோணத்தில் அரம் போன்ற ஊசியை விட்டு நன்றாகத் துருவுங்கள். இதில்தான் மூச்சு வாங்கும். முதல்முறை நான் கைவலிக்குப் பயந்து அரைகுறையாகத் துருவினேன். திரி உள்ளே போகவில்லை, கோர்க்கும் ஊசிதான் வளைந்தது.

பசை தடவிய ரப்பர் திரியைக் காதுள்ள ஊசியில் பாதியாகக் கோத்து, இரு நுனியும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியைச் சட்டென்று இழுங்கள். மிச்சத்தை நறுக்கி, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றடியுங்கள். மறுபடியும் சோப்புத் தண்ணீர். குமிழி வராவிட்டால் வண்டியை எடுக்கலாம். திருப்பதிக்குக் கிளம்புவதென்றால் மட்டும், அதற்குமுன் கடையில் உள்பக்கம் பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.