அடுக்குமாடியில் நாய்: வளர்ப்பவரும் பிடிக்காதவரும் சண்டையின்றிக் குடியிருக்க ஒரு வழிகாட்டி

சென்னையில் ஓரளவு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எதன் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போனாலும், தண்ணீர் லாரிக் கணக்கும் பார்க்கிங் தகராறும் முடிந்த பிறகு நாய் விவகாரம் ஒன்று கட்டாயம் எழும். ஒரு தரப்பு ‘எங்க பிள்ளை மாதிரி’ என்று தொடங்கும். மறு தரப்பு ‘இது மனுஷங்க இருக்கிற இடமா இல்லையா’ என்று முடிக்கும். இரண்டுக்கும் நடுவில், எந்தப் படிக்கட்டில், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்ற செய்தி காணாமல் போய்விடும். அந்தச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் முக்கால்வாசி வழக்குகள் காவல் நிலையம் வரை போகாமல் தீர்ந்துவிடும். நாயைப் பிடிக்காதவரைப் பிடித்தவராக மாற்றும் முயற்சியை முதலில் கைவிட வேண்டும். அவருக்குத் தேவை பாதுகாப்பான வழி, சுத்தமான வாசல், தூங்குவதற்கு அமைதி. நாயிடம் அன்பு கொள்ள வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

காரணத்தைப் பிரித்துக் கேளுங்கள்

‘எனக்கு நாய் பிடிக்காது’ என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சொல்வதில்லை. சிறு வயதில் கடிபட்டு ஊசி போட்டுக்கொண்டவருக்கு அது அச்சம். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம் என்பதை நினைத்தால், அந்த அச்சத்தை மிகை என்று தள்ளிவிட முடியாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்து குடியேறிய, ஷாஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுள் ஒன்றை) பின்பற்றும் முஸ்லிம் குடும்பத்துக்கு அது சுத்தம் பற்றிய மார்க்க விதி: நாயின் எச்சில் பட்டதை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பதால், தொழுகைக்குக் கிளம்பியவரின் வேட்டியை நாய் நக்கிவிட்டால் அவர் திரும்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குபவருக்குப் பிரச்சினை குரைப்பு மட்டுமே. நாய் எதிரில் வந்தால் அவரே தடவிக் கொடுப்பார்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து கிடையாது. ஆகவே புகார் வந்தவுடன் நாய் வளர்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எந்த நேரத்துல, எங்க வச்சு உங்களுக்குத் தொந்தரவா இருக்கு?’ என்பதுதான். பதில் ‘லிஃப்ட்ல’ என்றால் அது ஒரு வேலை. ‘ராத்திரி பதினோரு மணிக்கு’ என்றால் அது முற்றிலும் வேறு வேலை.

நாய் வளர்ப்பவர் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு வாக்கியத்தை மறந்துவிடுங்கள்: ‘ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க.’ நாய் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்; சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் பாட்டிக்குத் தெரியாது. அவர் காதில் அந்த வாக்கியம், ‘நான் இதை இழுத்துப் பிடிக்கப் போவதில்லை’ என்றுதான் விழுகிறது.

லிஃப்டை எடுத்துக்கொள்வோம். கதவு திறக்கிறது; உள்ளே கையில் பால் பாக்கெட்டோடு ஒரு பாட்டி, வெளியே நீங்களும் உங்கள் லாப்ரடாரும். கயிற்றைக் கழுத்துப்பட்டைக்கு அருகே குட்டையாகப் பிடித்து, ஓரடி பின்னால் நகர்ந்து, ‘நீங்க போங்கம்மா, நான் அடுத்ததுல வரேன்’ என்று சொல்லுங்கள். இழப்பு ஒரு நிமிடம். நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்து, வேறொருவர் ஏற நேர்ந்தால், நாயைப் பின்மூலையில் உட்காரவைத்து, அதற்கும் கதவுக்கும் நடுவில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். கதவோரம் நிற்கும் நாய், கதவு திறந்த கணத்தில் வெளியே பாயத்தான் பார்க்கும். குழந்தைகள் கீழே விழுவது பெரும்பாலும் அந்தப் பாய்ச்சலில்தான், கடியால் அல்ல. பொத்தானை அழுத்தினால் பல அடி நீளும் கயிறுகளைக் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் அவை உதவாது.

அடுத்தது வாசல். காலை ஆறு மணிக்கு ஒருவர் குனிந்து போட்டு முடித்த கோலத்தின் மேல் ஆறரைக்கு உங்கள் நாய் காலைத் தூக்கிவிட்டால், அந்த வீட்டோடு உங்களுக்கு ஏற்படும் பகையை எந்த மன்னிப்பும் எளிதில் ஆற்றாது. நாயைக் கதவிலிருந்து தெருவரை எங்கும் நிறுத்தாமல், சுவரோரம் மோப்பம் பிடிக்க விடாமல் கூட்டிப் போவது பழக்கத்தால் வரும். காலையில் அடக்க முடியாத அவசரத்தில் இருக்கும் நாயை நேரம் கடத்தாமல் வெளியே கொண்டுபோவதே பாதிப் பயிற்சி. பார்க்கிங் தூணிலோ அடுத்தவர் வண்டிச் சக்கரத்திலோ ஒருமுறை மூத்திரம் போய்விட்டால், மற்ற நாய்களும் அதே இடத்தைத் தேடி வரும். எனவே கையில் ஒரு பாட்டில் தண்ணீர், சிறிது வினிகர் கலந்து, எப்போதும் இருக்கட்டும். மலத்தை அள்ள பழைய செய்தித்தாளும் ஒரு பையும் போதும். அந்தப் பையைக் குடியிருப்பின் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோய்ப் போடும் வேலையும் உங்களுடையதே. துப்புரவுப் பணியாளருடையது அல்ல.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடியிருப்பில் நாயை அதிகம் எதிர்கொள்பவர்கள் பொதுக்குழுவில் உட்காருவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, உணவு கொண்டுவரும் இளைஞர், தண்ணீர் கேன் போடுபவர், வாசல் காவலாளி ஆகியோர்தான் தினமும் பத்துக் கதவுகளைத் தட்டுபவர்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் என்ன பாயும் என்று தெரியாமல் நிற்பவர்கள். வேலை போய்விடும் என்பதால் புகார் சொல்லவும் மாட்டார்கள். ஆகவே மணி அடித்தவுடன் நாயை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திய பிறகே வாசற்கதவைத் திறப்பதை வழக்கமாக்குங்கள். ‘நாய் உள்ளது’ என்ற பலகை எச்சரிக்கை மட்டுமே. அதை மாட்டிவிட்டதால் பொறுப்பு தீர்ந்துவிடாது. நாயை நடத்திச் செல்லும் வேலையைக் காவலாளி தலையில் கட்டுவதும் தவறு. அவருக்கு உங்கள் நாயை அடக்கத் தெரியாது, உங்களிடம் மறுக்கவும் முடியாது.

குரைப்பைப் பொறுத்தவரை, நீங்கள் வீட்டில் இருக்கும்போது நாய் அமைதியாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய் என்று உங்களுக்குத் தோன்றுவது அதனால்தான். ஒரு நாள் பழைய கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டு வெளியே போய் வாருங்கள். நீங்கள் கிளம்பிய சில நிமிடங்களில் தொடங்கும் ஊளை என்றால் அது தனிமை. லிஃப்ட் சத்தத்துக்கோ படிக்கட்டுக் காலடிக்கோ குரைத்தால் அது காவல் குணம். முன்னதற்கு, கிளம்பும் முன் நல்ல நீண்ட நடையும், தனியாக விடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும் உதவும். பின்னதற்கு, நாயை வாசற்கதவிலிருந்து தள்ளி உள்ளறையில் வைப்பது உதவும். ராஜபாளையம், கோம்பை போன்ற நம் ஊர் இனங்கள் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை. இரண்டு படுக்கையறை வீட்டில் பகல் முழுதும் தனியே விட்டால் அவை குரைக்காமல் வேறென்ன செய்யும்? பால்கனியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது தீர்வாகாது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நடை, ஓட்டம் தராமல் இருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை என்று அந்தச் சட்டத்தில் இருப்பதைப் பார்த்தால், அதை எழுதிய காலம் எதுவென்று விளங்கும்.

பிடிக்காதவர் புகார் சொல்லும் முறை

வாட்ஸ்அப் குழுவில் தொடங்காதீர்கள். எண்பது பேர் பார்க்கும் இடத்தில் சுட்டிக் காட்டப்பட்டவர், தவறு தன்னுடையது என்று தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு ஆதரவாகவும் எதிராகவும் அணி சேர்ந்த பிறகு பழைய கணக்குகளெல்லாம் வெளியே வரும். நாய் இல்லாத நேரமாகப் பார்த்து நேரில் போய், நடந்ததையும் வேண்டியதையும் மட்டும் சொல்லுங்கள்: ‘காலையில ஏழரைக்கு என் பொண்ணு ஸ்கூல் வேனுக்கு இறங்குறா, அந்த நேரத்துல நீங்க வேற பக்கம் கூட்டிட்டுப் போனா நல்லாயிருக்கும்.’ இப்படிக் கேட்டால் ‘சரி’ என்று சொல்ல அவருக்கு இடமிருக்கிறது. ‘நாயை அடக்கி வைங்க’ என்றால் அவர் எதற்குச் சரி சொல்வார்?

குரைப்பு என்றால் இரண்டு வாரத்துக்குத் தேதி, தொடங்கிய நேரம், நீடித்த நிமிடம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ஒலி மாசு விதிகள் 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என வரம்பு வைத்திருக்கின்றன. அந்த எண்களைக் காட்டி மிரட்டுவதைவிட, ‘எல்லா நாளும் மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை’ என்ற உங்கள் குறிப்பே வளர்ப்பவருக்குப் பயன்படும்.

எதிரில் வரும் நாயிடம் ஓடுவது, கையை வீசுவது, கண்ணுக்குக் கண் முறைப்பது மூன்றும் நிலைமையைக் கெடுக்கும். நின்று, பையை முன்னால் பிடித்து, முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, ‘கயித்தப் புடிங்க’ என்று உரக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். விலங்கை அடக்கி வைப்பதில் காட்டும் அலட்சியத்துக்கு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அதே சட்டத்தின் 325ஆம் பிரிவு, நாய்க்கு விஷம் வைத்துக் கொல்பவரையோ ஊனமாக்குபவரையோ ஐந்து ஆண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடியது. கோபத்தில் பிஸ்கட்டில் எதையாவது கலந்து வைக்கத் துணிபவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

குடியிருப்போர் சங்கம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

பெரும்பான்மை கைதூக்கினாலும் குடியிருப்பில் நாய் வளர்க்கத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட அறிவுறுத்தல் சொல்கிறது. லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பதற்கும், ஏற்றினால் தனிக் கட்டணம் என்பதற்கும் அதில் இடமில்லை. அப்படி ஒரு தீர்மானத்தைப் போட்டுவிட்டு நோட்டீஸ் போருக்குள் மாட்டிக்கொள்ளும் சங்கங்கள், செய்யக்கூடிய எளிய காரியங்களைச் செய்யாமல் விட்டுவிடுகின்றன. பொது இடத்தில் கயிறு, மலத்தை அள்ளுதல், தடுப்பூசிச் சான்றின் நகல், மாநகராட்சி உரிமம் ஆகிய நான்கையும் தாராளமாகக் கேட்கலாம். ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் 2024 மே மாதம் ஒரு சிறுமியை இரண்டு ராட்வைலர் இன நாய்கள் கடித்துக் குதறிய பிறகு சென்னை மாநகராட்சி கெடுபிடியைக் கூட்டியது. 2025இல் நாயின் தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் கட்டாயமாகி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்ற நிலை வந்தது.

விதி எழுதும்போது இடமும் நேரமும் இருக்க வேண்டும். ‘நாய் வளர்ப்போர் மற்றவர்களுக்கு இடையூறின்றி நடந்துகொள்ள வேண்டும்’ என்பது விதியே அல்ல. யாருக்கும் எதையும் சொல்லாது. ‘பள்ளி வேன் நேரமான காலை 7 முதல் 8.30 வரை பிரதான வாசலுக்குப் பதிலாகப் பின்வாசல். விளையாட்டுத் திடலில் எப்போதும் நாய் கூடாது. மாலை 7க்குப் பிறகு பின்புறப் புல்தரை நாய்களுக்கு’ என்று எழுதினால், மீறியது யார் என்பதில் வாதம் இருக்காது. இந்த வாசகத்தை நாய் வளர்க்கும் ஒருவரும் நாய்க்கு அஞ்சும் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். நிர்வாகக் குழு தனியாக எழுதி ஒட்டிய தாளை ஒரு தரப்பு கிழிக்காமல் விடாது.

தெருநாய்க்கு உணவிடுவது தனி விவகாரம். இரண்டையும் ஒரே கூட்டத்தில் கலக்காதீர்கள். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023இன்படி, குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் ஆகியவற்றுக்குத் தள்ளி உணவிடும் இடத்தையும் நேரத்தையும் ஒதுக்குவது சங்கத்தின் வேலை. உடன்பாடு வராவிட்டால் கால்நடை அதிகாரி, காவல்துறை, விலங்கு நல அமைப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு புகார்தாரரும் சங்கப் பிரதிநிதியும் அமரும் குழுவுக்கு எடுத்துச் செல்ல அதே விதிகள் வழி செய்கின்றன.

கடித்துவிட்டால்

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். கடித்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஊசி வேண்டுமா, எத்தனை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாயின் உரிமையாளர் அல்ல. உரிமையாளர் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே போக வேண்டும். ஆட்டோச் செலவிலிருந்து அடுத்தடுத்த ஊசிகள் வரை கேட்காமலே ஏற்க வேண்டும். நாயை 10 நாள் வீட்டிலேயே வைத்துக் கவனித்து, அது நலமாக இருக்கிறதா என்பதைக் கடிபட்டவரிடம் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். யார் மீது தவறு என்ற பேச்சைக் கடைசி ஊசி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.