பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போடுவது எப்படி? வீட்டிலேயே செய்யலாம்

ஐந்தாறு வருடமாக வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்கே நாலைந்து நிமிடம் எடுக்கிறதா? புதுசு வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியூ என்கிற பிராசஸருக்குப் பெரிய வேலை இல்லை என்றால், பிராசஸரில் குறை இல்லை. ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. அது எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்), எஸ்எஸ்டியா (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்பதும் அங்கேயே தெரியும். ஏற்கெனவே எஸ்எஸ்டி என்றால் கீழே சொல்வது எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. ரேம் போதுமா என்று பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லி வினாடி ஆகும். வேண்டிய இடம் சுற்றி வரும்வரை, படிக்கும் முள் அங்கே நகரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடிப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. அதனால்தான் ரேம் கூட்டுவதைவிட இந்த மாற்றம் பழைய மெஷினில் சட்டென்று தெரிகிறது.

எதை வாங்குவது?

இரண்டு வகைதான் உங்களுக்கு முக்கியம். ஒன்று 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பு வகை. வினாடிக்கு சுமார் 550 எம்பி வரை படிக்கும். சாட்டா ஹார்ட் டிஸ்க் இருக்கும் எந்த மெஷினிலும் இது பொருந்தும். இன்னொன்று எம்.2 வடிவில் வந்து, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சாட்டாவைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் மதர்போர்டில் அதற்கான ஸ்லாட் வேண்டும். சில பழைய போர்டுகளின் எம்.2 ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும், சிலவற்றில் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் கிளம்பாது. எனவே போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளர் தளத்தில் உறுதி செய்த பிறகே வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சாட்டாவே எடுங்கள். தினசரி வேலையில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல்.

அளவு 500 ஜிபி என் சிபாரிசு. 250 போதும் என்று தோன்றும். போட்டோ, வீடியோ சேரச் சேர நிரம்பிவிடும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. ஆன்லைன் விலையை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். நாலு கடையில் “அண்ணா, 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, ஜிஎஸ்டி பில்லோட எவ்வளவு?” என்று கேளுங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். எஸ்எஸ்டிக்கு மூன்று அல்லது ஐந்து வருட வாரண்டி வரும். பில்லும் அதில் சீரியல் நம்பரும் இருந்தால்தான் பின்னால் தைரியமாகக் கேட்க முடியும். டெஸ்க்டாப் என்றால் ஒரு சாட்டா டேட்டா கேபிளும் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது. லேப்டாப் என்றால் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேஸ் ஒன்று வேண்டும்.

முதலில் பேக்கப்

இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எஸ்எஸ்டி போனால் இன்னொன்று வாங்கலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவை வாங்க முடியாது. வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து, அதிலிருந்து நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் சென்னை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்னொரு பிரதியை வேறு வீட்டிலோ கூகுள் டிரைவ் போன்ற இடத்திலோ வைப்பது நல்லது.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். விட்டுப்போவது வேறு: டேலி டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் மெயில், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அப்புறம் தமிழ் எழுத்துருக்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும்.

குளோனா, புதிதாக இன்ஸ்டாலா?

குளோன் என்றால் பழைய டிஸ்க்கில் இருப்பது அப்படியே எஸ்எஸ்டிக்குப் போகும். ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு இதுவே சுலபம். சாம்சங், குரூஷியல், டபிள்யூடி ஆகியவை தங்கள் எஸ்எஸ்டிக்கு இலவச குளோனிங் மென்பொருள் தருகின்றன. எஸ்எஸ்டி சிறியதாக இருந்தால் முதலில் வேண்டாததை நீக்கி, மொத்த டேட்டா அதற்குள் அடங்கும்படி செய்யுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். மூலம் எது, இலக்கு எது என்று கேட்கும் திரையில் நிதானம் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க், நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். மாடல் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்த பிறகு ஓகே அழுத்துங்கள். பாதியில் கரண்ட் போகாமல் இருக்க மெஷினை யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

விண்டோஸே குப்பையாகிவிட்டது, வைரஸ் சந்தேகம் என்றால் புதிதாகப் போடுவதே மேல். 8 ஜிபி பென் டிரைவும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் டிஸ்க் மாறினாலும் அது போகாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட்டை யோசிக்கலாம்.

மாட்டுவது

டெஸ்க்டாப்பை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்துங்கள். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் தூசியைத் துடைத்து, வெறும் உலோகப் பகுதி ஒன்றைத் தொடுங்கள்; கையில் நிலைமின்சாரம் இருந்தால் இறங்கிவிடும். எஸ்எஸ்டிக்கு இரண்டு இணைப்புகள்தான். குறுகலானது மதர்போர்டுக்குப் போகும் டேட்டா கேபிள், அகலமானது எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் பெட்டியிலிருந்து வரும் பவர். இரண்டும் ‘எல்’ வடிவம், ஒரே திசையில்தான் நுழையும். அழுத்தித் திணிக்காதீர்கள். குளோன் செய்வதானால் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கட்டும்.

லேப்டாப்பில் குளோனை யூஎஸ்பி கேஸ் வழியாக முடித்துவிட்டுப் பிறகு அடிப்பக்க மூடியைத் திறங்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பழைய டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் சட்டத்தைப் புதியதற்கு மாற்றி மாட்டுங்கள்.

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும். பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது டிலீட் அழுத்தி, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், எஸ்எஸ்டி பட்டியலில் தெரிகிறதா, பூட் வரிசையில் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியவே இல்லையென்றால் கேபிள் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

எஸ்எஸ்டியை டீஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்ய வேண்டாம், விண்டோஸ் தானாகவே அதற்கேற்ற பராமரிப்பைச் செய்துகொள்ளும். பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக விட்டுவையுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். சில வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதென்று தெரிந்த பிறகு போட்டோ, சினிமா வைக்கும் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். யாருக்காவது கொடுப்பதாகவோ காயலான் கடைக்குப் போடுவதாகவோ இருந்தால் குயிக் ஃபார்மட் போதாது. டேட்டாவைத் திரும்ப எடுத்துவிட முடியும். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.