நேத்து 14, இன்னைக்கு 3: இளம் ரெய்டரை எடைபோடுவதில் நாம் சறுக்குகிற இடங்கள்

பென்னாகரம் பக்கம் ஒரு ராத்திரி கபடியில், எதிரணிக் களத்துக்குள் பாடிப்போய்த் தொட்டு வருகிற ரெய்டராக 14 புள்ளி எடுத்த பையன், அடுத்த வாரம் பாலக்கோட்டில் 3 புள்ளியோடு முடித்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். விடிகிற நேரத்து டீக்கடையில் ஊர் இரண்டாகிவிடும். ஒரு கட்சி, ப்ரோ கபடியில் பேர் வாங்கிய பர்தீப் நர்வாலை நினைத்து, "அடுத்த பர்தீப் நம்ம பையன்தான்" என்னும். இன்னொரு கட்சி, "ஒரு நாள் கூத்து, உடம்பு இருக்கு, ஆட்டம் இல்ல" என்னும். வயது 18, எடை 82 கிலோ, தோள் அகலம். இந்த மூன்றையும் அந்தப் புள்ளிக் கணக்கையும் வைத்துக்கொண்டே இரண்டு கட்சியும் பேசுகின்றன. இரண்டுமே தவறுகிற இடம் அதுதான்.

எருது விடும் விழாவில் காளை ஒரு ஓட்டம் ஓடினால் முடிந்தது. நொடிக் கணக்கைப் பார்த்துப் பரிசைக் கொடுத்துவிடலாம். கபடியில் ஒருவன் எடுத்த புள்ளியில் பாதிதான் அவனுடையது. மீதிக்கு அவனோடு நின்ற ஆறு பேரும், எதிரே நின்ற ஏழு பேரும், போட்டி நடத்தியவர் வைத்த நேரமும் பங்குதாரர்கள்.

புள்ளியை எண்ணுகிறோம், ரெய்டை எண்ணுவதில்லை

ஒருவன் 10 புள்ளி, இன்னொருவன் 6 புள்ளி. டீக்கடையில் முதல் ஆள்தான் ஜெயிப்பான். நோட்டைத் திறந்து பார்த்தால் கதை வேறு. முதல் ஆள் போனது 22 ரெய்டு. எடுத்த 10-ல் 6 போனஸ் (போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்கு), 4 தொடுபுள்ளி. 6 முறை பிடிபட்டான், 6 முறை வெறுங்கையோடு வந்தான். இரண்டாமவன் போனது 11 ரெய்டுதான். 5 ரெய்டில் 6 பேரைத் தொட்டான், ஒரே ஒரு முறை பிடிபட்டான், மீதி 5 வெற்று ரெய்டு. எதிரணிக்குக் கொடுத்த புள்ளியைக் கழித்தால் முதல் ஆள் 22 ரெய்டில் 4, இரண்டாமவன் 11 ரெய்டில் 5.

போனஸை மட்டமாகச் சொல்லவில்லை. எதிரே 6 பேராவது நின்றால்தான் போனஸ் கிடைக்கும், அதை எடுக்கவும் கால் வேண்டும். ஆனால் தொடுபுள்ளி எடுத்தால் வெளியே உட்கார்ந்திருக்கிற நம் ஆள் ஒருவர் உள்ளே வருவார், போனஸுக்கு யாரும் வரமாட்டார்கள். ஸ்கோர் பலகையில் இரண்டும் ஒன்றுதான், களத்தில் ஒன்றல்ல.

எழுதுவதற்கு 40 பக்க நோட்டு போதும். ஒரு ரெய்டுக்கு ஒரு எழுத்து: தொட்டால் 'தொ', போனஸுக்கு 'போ', பிடிபட்டால் 'பி', வெறுமனே வந்தால் கோடு. பக்கத்தில் எதிரே எத்தனை பேர் நின்றார்கள் என்ற எண். 3 பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடிபட்டால் அது சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு 2 புள்ளி. அந்தப் 'பி'யைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பலம் உள்ள பையன்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 3 பேர்தானே என்று உள்ளே போய்விடுவார்கள்.

வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தை மறந்துவிடுகிறோம்

'நிலையில்லாத ஆட்டம்' என்ற பழியில் பெரும் பங்கு இதில்தான் ஒளிந்திருக்கிறது. ரெய்டர் பிடிபட்டு வெளியே போனால் தானாகத் திரும்ப முடியாது. கூட ஆடுகிறவர்கள் யாரையாவது பிடிக்க வேண்டும், அல்லது இன்னொரு ரெய்டர் தொட்டுவிட்டு வரவேண்டும். அப்போதும் வெளியே போன வரிசையில்தான் உள்ளே வருவார்கள். அவனுக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது புள்ளிக்குத்தான் அவன் முறை.

ஒரு ரெய்டுக்கு 30 நொடி. இரண்டு அணியும் மாறி மாறிப் பாடினால் ஒரு நிமிடத்துக்கு அணிக்கு ஒன்று. அணியின் பிடி சரியில்லாத நாளில் 4-வது நிமிடத்தில் பிடிபட்டவன் 11-வது நிமிடத்தில் உள்ளே வருவது சாதாரணம். அதற்குள் அணி 7 ரெய்டு போயிருக்கும், அவன் ஒன்றும் போயிருக்கமாட்டான். அப்படி இரண்டு முறை நடந்தால் ஆட்டம் தீர்ந்தது. நீங்கள் '3 புள்ளி' என்று எழுதுவது பல நேரம் உங்கள் கார்னர் ஆட்களின், அதாவது களத்தின் இரண்டு ஓரத்திலும் நின்று பிடிக்கிறவர்களின், மதிப்பெண். 14 எடுத்த ராத்திரியில் அவர்கள் எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

டூ ஆர் டை ரெய்டையும் தனியாக எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு வெற்று ரெய்டு போனபின் மூன்றாவதில் புள்ளி வராவிட்டால் போனவன் அவுட். மூத்த ரெய்டரைப் பாதுகாக்க, அந்த மூன்றாவதுக்குச் சின்னப் பையனைத் தள்ளிவிடுகிற அணிகள் நிறைய. எதிரணியும் சும்மா நின்று கொடுக்காது, அவன் நெருங்கட்டும் என்று பின்வாங்கிக் காத்திருக்கும். அந்த ரெய்டில் அவுட்டானதையும், முதல் ரெய்டில் அவசரப்பட்டு அவுட்டானதையும் ஒரே கணக்கில் போடுவது அநியாயம்.

உடம்பைப் பலம் என்று நினைக்கிறோம்

82 கிலோ எடை, பலம் ஆகாது. அது பலமாவது எங்கே என்று பார்க்க ஸ்கோரை விட்டுவிட்டு அவன் பிடிபடுகிற நொடியைப் பார்க்க வேண்டும்.

இடப்பக்கம் வழியாகப் பாடிப்போகிறவன் முதலில் சந்திப்பது எதிரணியின் வலது கார்னரை. அவர் கணுக்காலைப் பிடித்ததும் அந்தக் காலைத் தரையிலிருந்து கிளப்பத்தான் பார்ப்பார். ஒரு கால் கிளம்பினால் 82 கிலோவும் மற்ற காலில். அந்தக் கணத்தில் கவர் என்கிற துணைப் பிடி ஆள் வந்து இடுப்பில் ஒரு மோது மோதினால், எத்தனை கிலோ இருந்தாலும் சாய்வான். நிமிர்ந்த முதுகோடு பிடிபடுகிற கனத்த பையன், மெலிந்தவனைவிடச் சீக்கிரம் விழுவான். தேறுகிறவன் பிடி விழுந்த உடனே முட்டியை மடக்கி இடுப்பை இறக்குவான், தோளை நடுக்கோட்டுப் பக்கம் திருப்புவான், பிறகுதான் இழுப்பான். இழுத்துவிட்டுத் திரும்ப நினைக்கிறவன் சிக்கிக்கொள்வான்.

எந்த இடத்தில் பிடிபட்டான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 13-க்கு 10 மீட்டர் ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து, ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், போனஸ் கோடு அதிலிருந்து இன்னும் 1 மீட்டர். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவன் கையை நீட்டிப் படுத்தால் சுமார் 2.2 மீட்டர் எட்டும். பாக் லைன் மேல் பிடிபட்டால் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் நகர வேண்டும். போனஸ் கோட்டில் பிடிபட்டால் இரண்டரை மீட்டர். ஒரே பிடி, ஒரே பலம். முதலாவதில் தப்பித்து 'சிங்கம்' ஆவான், இரண்டாவதில் 'சோம்பேறி' ஆவான். திரும்பத் திரும்ப ஆழத்தில் போய் மாட்டுகிறான் என்றால் குறை பலத்தில் இல்லை, எப்போது திரும்புவது என்ற கணக்கில். அதைச் சொல்லித்தர முடியும். பிடி விழுந்ததும் பாட்டு நின்றுபோகிற பையனும் உண்டு. கோட்டைத் தொட்டாலும் மூச்சு அறுந்திருந்தால் அவுட். தூரத்தில் நிற்கிற நமக்கு அது கேட்காது, அம்பயரைத் திட்டுவோம்.

விடியக்காலை நாலு மணி ஆட்டம்

சங்க விதிப்படி ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஊர்ப் பண்டிகைப் போட்டியில் அணிகள் கூடிவிட்டால் 15 ஆகும், 10-ம் ஆகும். 40 நிமிடத்தில் எடுத்த 12-ஐயும் 20 நிமிடத்தில் எடுத்த 7-ஐயும் பக்கத்தில் வைத்து 'இறங்கிட்டான்' என்பது கணக்கே இல்லை.

ராத்திரி 9 மணிக்கு முதல் ஆட்டம், விடியக்காலை 4 மணிக்கு அரையிறுதி. அந்த அரையிறுதி அவனுக்கு நாலாவது ஆட்டம். நடுவில் என்ன சாப்பிட்டான் என்று யாரும் கேட்பதில்லை. ராகிக் களியும் கறிக்குழம்பும் நல்ல சாப்பாடுதான். ஆனால் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட்டிருக்க வேண்டும், ஒரு மணி நேரம் முன்னால் அல்ல. ஆட்டங்களுக்கு நடுவே வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் போதும். எடை வரம்புள்ள போட்டி என்றால் இன்னொரு சிக்கல். முந்தின நாள் தண்ணீரே குடிக்காமல் ஸ்வெட்டர் போட்டு ஓடி எடை இறக்கியிருப்பான். உடம்பு எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே ஆட்டம் மந்தமாகும். 80 கிலோ பையனுக்கு அது 1.6 கிலோதான். எடை பார்த்த அன்றைய ஆட்டத்தை வைத்து அவனைக் கணிக்காதீர்கள்.

செம்மண்ணும் மேட் விரிப்பும்

தண்ணீர் தெளித்துச் சமன் செய்த நம்மூர்ச் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறவன், சறுக்கலையும் கணக்கில் சேர்த்துத்தான் திரும்புவான். மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்ளும். பழைய வேகத்தில் திரும்பினால் பாதம் நிற்கும், முட்டி திருகும். முதல் சில மேட் ஆட்டங்களில் அவன் தயங்குவது பயமல்ல. ஓசூரிலோ பெங்களூரிலோ முதல் முறை மேட் விரிப்பில் இறங்கிய அன்று பார்த்துவிட்டு, 'பெரிய இடத்துல ஆடத் தெரியல' என்று எழுதிவிடுகிறோம்.

டிவியில் பார்த்தவரோடு ஒப்பிடுவது

பர்தீப் நர்வால் பெயரை எடுப்பவர்கள் 2017 ப்ரோ கபடி லீக்கில் அவர் எடுத்த 369 ரெய்டு புள்ளியைச் சொல்வார்கள். 2015-ல் பெங்களூரு புல்ஸ் அணியில், தன் முதல் சீசனில் 6 ஆட்டத்தில் அவர் எடுத்தது 9. அந்த அணி அவரை விட்டுவிட்டது. பாட்னா பைரேட்ஸ் எடுத்துக்கொண்டது, அடுத்த சீசனிலேயே 116. நம் டீக்கடை அந்த 9-ஐப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு வெளியேற, அறிமுக வீரர் நரேந்தர் சுமையை ஏற்று 243 ரெய்டு புள்ளி எடுத்தார். அடுத்த சீசனில் அந்த எண் இறங்கியது. முதல் வருடம் யாருக்கும் அவர் ஆட்டம் தெரியாது, இரண்டாம் வருடம் எல்லாருடைய போனிலும் அவர் வீடியோ இருக்கும். ஊர் அளவிலும் இதே கதைதான். பையனுக்கு ஓடிவந்து கை நீட்டித் தொடுவது ஒன்றுதான் தெரியும் என்றால், மூன்றாவது போட்டியில் எல்லாக் கார்னரும் ஓரடி பின்னால் நிற்பார்கள். அப்போது அவன் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தானா? கால் நுனியால் தொடப் பார்த்தானா, பின்காலால் உதைத்துப் பார்த்தானா, போனஸுக்குக் கால் வைத்தானா? செய்து பார்த்து மாட்டியிருந்தாலும் அந்த 3 புள்ளி ராத்திரிக்கு நோட்டில் தனி இடம் உண்டு. பழையதையே 11 முறை செய்து மாட்டியிருந்தால், அவன் கோச்சிடம் பேச வேண்டிய விஷயம் அது. டீக்கடையில் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வயதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள், சட்டையில் உள்ள அணியின் பெயரை வைத்து ஊகிக்காமல். 18-ல் 82 கிலோ இருப்பவனோடு அதே அணியில் 24 வயதுக்காரரும் ஆடுகிறார். இருவருக்கும் ஒரே 3 புள்ளிதான் என்றாலும், நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முடியாது.