கர்வ் உட்கார்ந்தால் போதுமா?

போன வாரம் இறுதியாண்டு மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். "சார், கர்வ் அப்படியே உக்காந்துருச்சு!" மூச்சுக்குழாயை விரிக்கும் ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமாலை இன்ஹேலரில் இழுத்த பிறகு ரத்தத்தில் மருந்து ஏறி இறங்கிய அளவுகள் புள்ளிகளாக இருந்தன. மருந்து உடலுக்குள் போகும் வழியைக் கணக்கிட மென்பொருளில் அவர் போட்ட மாடலின் கோடு அவற்றின் மேல் மயிரிழை பிசகாமல் ஓடியது. "வயித்துக்கு எவ்வளவுப்பா போச்சு?" என்று கேட்டேன். மாடலில் அதற்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தார்.

சேலத்தில் பார்மசி மாணவர்களின் ப்ராஜெக்ட்களைப் பார்த்து வரும் எனக்கு அதிகம் கண்ணில் படும் தவறு இதுதான். டப்பாவில் 100 மைக்ரோகிராம் என்று இருந்தால் அந்த நூறும் நுரையீரலுக்குப் போவதில்லை. ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் குழல்) இல்லாமல் அடித்தால் பெரும்பங்கு தொண்டையில் மோதி, எச்சிலோடு வயிற்றில் இறங்கிவிடும். (ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவரை வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வதும், வாயில் தங்கும் பங்கால் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்றுதான்.) விழுங்கிய சால்பியூட்டமாலில் ஏறக்குறைய பாதி ரத்தத்துக்கு வந்துவிடும். ஸ்டீராய்டு மருந்தான புளூட்டிகசோனில் 1 சதவீதம்கூட வராது, கல்லீரலே அழித்துவிடும். ஆகவே ஒரே பூஜ்யம் புளூட்டிகசோனில் பெரிதாக உறுத்தாது, சால்பியூட்டமாலில் கணக்கையே கவிழ்த்துவிடும்.

கவிழ்ந்தும் கோடு எப்படிப் பொருந்தியது? வயிற்றிலிருந்து தாமதமாக வந்த மருந்தை, நுரையீரல் மெதுவாக உறிஞ்சியதாக மென்பொருள் எழுதிக்கொண்டது. எல்லா எண்களையும் அவிழ்த்துவிட்டு "நீயே பொருத்திக்கொள்" என்றால், ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டிவிடும். அதனால் எண்களை ஒவ்வொன்றாகக் கட்டிப்போட வேண்டும். ரத்தக்குழாயில் நேராக ஊசி ஏற்றிய தரவிலிருந்து உடல் மருந்தை வெளியேற்றும் வேகம், வாய்வழித் தரவிலிருந்து குடலின் பங்கு, அதன்பிறகு இன்ஹேலர். கரித்தூள் கொடுத்துச் செய்த ஆய்வின் தரவு கிடைத்தால் விடவே கூடாது. விழுங்கிய மருந்தைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் தெரிவது நுரையீரல் வழியாக வந்தது மட்டுமே.

அடுத்த தவறு, மருந்துத் துகள் கரைய வேண்டும் என்பதை மறப்பது. சேர்வராயன் மலைக் காப்பியைப் பில்டரில் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரகரப்பாக அரைத்தால் தண்ணீர் இறங்கிவிடும், டிகாக்‌ஷனில் சாரம் இருக்காது. பரப்பு கூடினால் கரையும் வேகமும் கூடும் என்பதைத்தான் நாய்ஸ்-விட்னி பெயரில் இன்று வழங்கும் சமன்பாடும் சொல்கிறது. சால்பியூட்டமால் சல்பேட் சட்டென்று கரையும். புளூட்டிகசோன் துகள் கிடந்து கிடந்து கரையும். அதற்குள் மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அதைச் சளியோடு மேலே தள்ளித் தொண்டைக்கே அனுப்பிவிடலாம். இப்படி மெதுவாக வரும் மருந்தில் கர்வ் இறங்கும் சரிவு உறிஞ்சும் வேகத்தைக் காட்டுகிறது. அதை வெளியேறும் வேகம் என்று படித்துவிட்டுப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியவர்கள் உண்டு.

நுரையீரலை ஒரே பையாக வைத்துக் கணக்குப் போடுவதும் அப்படித்தான். நுரையீரலை அளந்த ஆய்வாளர் வைபெல் 1963-இல் தந்த அமைப்பில் மூச்சுக்குழாய் 23 முறை கிளைக்கிறது. மேல்கிளைகளில் சுவர் தடிமன், சளி ஓட்டம் உண்டு. அடியில் காற்றறைச் சுவர் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. எந்தக் கிளையில் துகள் விழுந்தது என்று தெரியாமல் உறிஞ்சும் வேகம் பேசுவதில் அர்த்தமில்லை.

மூச்சு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். மென்பொருளில் தயாராக இருப்பது பெரும்பாலும் ஆரோக்கியமான ஆளின் மூச்சு. அம்மாப்பேட்டை தறிக்கூடத்தில் நாற்பது வருஷம் பஞ்சுத்தூசி குடித்தவருக்குக் குழாய் சுருங்கியிருக்கும், மருந்து மேலேயே விழும். கேப்சூலில் வரும் பொடி இன்ஹேலர் என்றால், அந்தப் பொடியை உதறிப் பிரிக்கும் அளவுக்கு அவரால் வேகமாக இழுக்கவும் முடியாது.

மாணவர் நேற்று திரும்பி வந்தார். வயிற்றுக் கட்டத்தை நிரப்பி, மற்ற எண்களைக் கட்டிப்போட்டிருந்தார். கோடு இப்போது முதல் அரைமணி நேரத்தில் புள்ளிகளைவிட உயரமாகப் போகிறது. ஆய்வில் இருந்தவர்கள் எவ்வளவு வேகமாக இழுத்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.