பிள்ளைகளைப் பாடசாலைக்கு நடந்தும் சைக்கிளிலும் அனுப்புதல்: யாழ்ப்பாணப் பெற்றோருக்கு

யாழ்ப்பாணம் மேடுபள்ளமற்ற சமதரை. ஆனாலும் காலை 7.30 மணிக்கு முன்னர் பாடசாலை வாசல்களில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. வீதி ஆபத்தானது என்று அஞ்சி வாகனத்தில் பிள்ளையை ஏற்றிவரும் பெற்றோரே, நடந்துவரும் பிள்ளைகளுக்கு அந்த வாசலை ஆபத்தானதாக்குகிறார்கள். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பாடசாலையும் ரியூசனும் பொழுதைப் பங்குபோட்டுக்கொண்ட பிள்ளைக்கு, போய்வரும் நேரத்தை விட்டால் அதற்கு வேறு நேரம் கிடைப்பது அரிது.

முதலில் வழியைத் தீர்மானியுங்கள். பலாலி வீதியோ காங்கேசன்துறை வீதியோ நேர்வழியாக இருக்கலாம். ஆயினும் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வீதியைவிட, சற்றுச் சுற்றானாலும் உள் ஒழுங்கைகளால் போகும் வழியே நல்லது. ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளையை முன்னே விட்டு நீங்கள் பின்னே செல்லுங்கள். எந்தப் படலையிலிருந்து நாய் பாய்கிறது, எந்த முடக்கில் மதில் பார்வையை மறைக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். ஒழுங்கை பெருவீதியில் ஏறும் இடத்தில் காலூன்றி நின்று இருபுறமும் பார்ப்பதை, வாகனம் வராத நாளிலும் தவறவிடாத பழக்கமாக்குங்கள். சைக்கிள் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். நடைபாதையில்லாத வீதியில் நடப்பவர் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புகையிரதக் கடவையையும் தனியாகப் பழக்க வேண்டும். 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சேவை 2015இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் வளர்ந்த பெற்றோர் பலருக்கே தண்டவாளத்தின் முன் நின்று பார்க்கும் பழக்கம் இல்லை என்பதால், இதைப் பிள்ளையோடு சேர்ந்து தாமும் பழகுவதே பொருத்தம். கடவையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே கடக்க வேண்டும்.

வளர்ந்த பிறகும் உதவும் என்று பெரிய சைக்கிள் வாங்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். இருக்கையில் அமர்ந்தபடி நிலத்தில் கால் ஊன்ற முடியாத பிள்ளை, அவசரத்தில் நிறுத்தத் தெரியாமல் விழும். பிரேக்கையும் ரயர் காற்றையும் ஞாயிறுதோறும் பிள்ளையே பார்க்கட்டும். புத்தகப்பை கைபிடியில் தொங்காமல் பின் கரியரில் கட்டப்பட்டிருக்கட்டும்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, வரும் வாகனத்தின் வேகத்தைக் கணிப்பது பெரும்பாலும் இயலாது. அவர்களை அயற்பிள்ளைகளோடு சேர்த்து, பெற்றோர் முறைவைத்து நடத்திச் செல்லலாம். பாதசாரிக் கடவையில்கூட வாகனம் முற்றாக நின்றபின்னரே கடக்க வேண்டும். தரம் 6இல் தூரத்துப் பாடசாலைக்கு மாறும் பிள்ளை, விடுமுறையிலேயே புதிய வழியில் சைக்கிள் ஓடிப் பழகுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் வெள்ளம் வாய்க்காலையும் குழியையும் ஒருசேர மூடிவிடும். அத்தகைய நாளில் சைக்கிளை வீட்டில் விட்டு, வீதி தெரியும் வழியால் நடக்கவிடுங்கள்; கடும் மழையெனில் கூட்டிச் செல்லுங்கள். பொழுதுபட்டபின் முடியும் ரியூசனுக்குப் போகும் பிள்ளையின் சைக்கிளில் முன்விளக்கும் பின்புறச் சிவப்பு ஒளிதெறிப்பானும் இல்லையென்றால், அவை பொருத்தப்படும்வரை நீங்களே போய்க் கூட்டிவாருங்கள்.