பாட்டுக் கம்பெனியில் முதல் இண்டர்வியூ: "இசைதான் என் உயிர்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

என் முதல் இண்டர்வியூவில் "ஏன் இந்த வேலைக்கு வர நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "இசைதான் என் உயிர்" என்றேன். எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "காலையிலிருந்து நீங்கள் ஐந்தாவது உயிர்" என்றார். அடுத்த கேள்வி: "ஒரு பாட்டில் எத்தனை உரிமை இருக்கிறது?" முழித்தேன். வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்து, சில வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று புரிந்தது. பாட்டு பிடிக்கும் என்பது அங்கே ஒரு தகுதியே இல்லை, வாசலில் நிற்கிற எல்லோருக்கும் பிடிக்கும். ஆரம்ப நிலை வேலை என்பது பாட்டைச் சுற்றி இருக்கிற பெயர்கள், தேதிகள், ஃபைல்கள், பங்குக் கணக்கு. இவற்றை உங்களை நம்பி விட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாமா என்றுதான் அரைமணி நேரம் உங்களை எடைபோடுகிறார்கள்.

படி 1: எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"மியூசிக் கம்பெனி" என்று பொதுவாக ஒன்று கிடையாது. பதிவான பாட்டைக் கையில் வைத்து விற்பது லேபிள். மெட்டையும் வரிகளையும் எழுதியவர்களுக்காக உரிமையைப் பார்த்துக்கொள்வது பப்ளிஷர். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிஸ்ட்ரிபியூட்டர். மேடை நிகழ்ச்சி நடத்துபவர்கள், ஸ்டூடியோக்காரர்கள் தனி. பப்ளிஷரிடம் போய் "உங்கள் லேபிளில் வந்த ஆல்பம்" என்று ஆரம்பித்தால் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

படி 2: இரண்டு உரிமை, மூன்று எண்

நான் முழித்த கேள்விக்கு விடை இதுதான். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதை ஒருவர் பாடிப் பதிவுசெய்தது இன்னொன்று. வேறொருவர் அதே பாட்டை கவர் பாடினால் படைப்பு பழையதுதான், பதிவு புதிது, அதனால் பணம் போகிற வழியும் மாறும். இதை உங்கள் சொந்த வார்த்தையில், ஒரு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடமாக ஒப்பித்தால் குரலிலேயே தெரிந்துவிடும்.

எண்கள்: ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடங்கள் கொண்ட அடையாளம் உண்டு. படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி., அது டி (T) என்ற எழுத்தில் தொடங்கும். ஆல்பமாகவோ சிங்கிளாகவோ (தனிப் பாட்டாக) வெளிவரும் மொத்தத் தொகுப்புக்கு யு.பி.சி. ஐ.எஸ்.ஆர்.சி.யில் ஆறாவது, ஏழாவது இடத்தில் இருக்கும் இரண்டு எண்கள் வருடத்தைக் குறிக்கும். ஆனால் அது பாட்டு பதிவான வருடம் இல்லை, எண் ஒதுக்கப்பட்ட வருடம். வேலையில் இருப்பவர்களே தடுமாறுகிற இடம் அது.

படி 3: அவர்கள் சமீபத்தில் செய்ததைக் கேளுங்கள்

கடைசி மூன்று மாதத்தில் அந்தக் கம்பெனி வெளியிட்டவற்றைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துத் தோண்டுங்கள்: எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முன் எத்தனை சிங்கிள் விட்டார்கள், வீடியோ கூடவே வந்ததா, பின்னால் வந்ததா, மெட்டு யார், மிக்ஸிங் யார். தேதி பெரும்பாலும் வெள்ளிக்கிழமையாக இருக்கும், 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புதிய வெளியீட்டுக்கு வெள்ளி என்று ஆக்கிவிட்டார்கள். மார்க்கெட்டிங் வேலை என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு வெளிவராத பாட்டைத்தான் அனுப்ப முடியும். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், அந்தப் பாட்டு அந்தக் கலைஞரைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டு பிளேலிஸ்ட்டுக்குப் போகும். "வெளியீட்டுத் தேதியை ஏன் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்?" என்று கேட்டால் உங்களிடம் ஒரு உருப்படியான காரணம் இருக்கும்.

படி 4: எக்செல் ஷீட்

நிறைய இடங்களில் ஒரு சின்ன டெஸ்ட் வைப்பார்கள். நாங்கள் வைத்தது இப்படி: பத்துப் பாட்டு இருக்கிற ஒரு ஷீட், பதினைந்து நிமிடம், "இதில் என்ன தப்பு?" அவ்வளவுதான் கேள்வி.

மூன்றாவது வரியில் பாடகியின் பெயரில் ஒரு எழுத்து கூடுதல், ஏழாவது வரியில் அதே பெயர் ஒரு எழுத்து குறைவு. இப்படியே போனால் தளத்தில் அவருக்கு இரண்டு பக்கம் உருவாகி, கேட்பவர்கள் பாதிப் பாதியாகப் பிரிந்துபோவார்கள். ஐந்தாவது பாட்டின் ரீமிக்ஸுக்கு மூலப் பாட்டின் ஐ.எஸ்.ஆர்.சி.யையே ஒட்டியிருக்கும், ரீமிக்ஸ் வேறு பதிவு என்பதால் அதற்குத் தனி எண் வேண்டும். எட்டாவது பாட்டில் எழுதியவர்கள் மூன்று பேர், பங்கு 50, 30, 25 சதவீதம். கூட்டிப் பாருங்கள். 105. அந்தக் கூடுதல் ஐந்துக்காகப் பணம் தேங்கி நிற்கும், மூன்று பேரும் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள்.

எல்லாவற்றையும் கண்டுபிடித்தவரை விட, "எட்டாவதில் யார் பங்கு தவறு என்று ஷீட்டை வைத்துச் சொல்ல முடியாது, ஒப்பந்தத்தைப் பார்க்கணும்" என்று சொன்னவரைத்தான் நாங்கள் எடுத்தோம். தானாகவே 25ஐ 20 என்று திருத்தியவர்களைப் பார்த்துப் பயந்தோம்.

படி 5: "என்ன பாட்டு கேட்கிறீர்கள்?"

நடிக்காதீர்கள். யாருமே கேட்காத கலைஞர் பெயர்களை அடுக்கினால் நீங்கள் கெட்டிக்காரர் ஆகிவிட மாட்டீர்கள். உண்மையிலேயே இந்த வாரம் கேட்டதைச் சொல்லுங்கள், கூடவே அது யாரைப் போய்ச் சேரும், ஏன் சேரும் என்று ஒரு வரி. அப்புறம், நீங்களே பாடுவீர்கள், இசையமைப்பீர்கள் என்றால் கேட்டால் சொல்லுங்கள், டெமோவை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் தேடும்போது நீட்டப்படும் பென்டிரைவைப் பார்த்தால் எங்களுக்கு ஒரே எண்ணம்தான்: இவர் ஆறு மாதத்தில் போய்விடுவார்.

படி 6: நட்பாக வருகிற வலை

முன்பு எங்காவது இன்டர்னாக இருந்திருந்தால், "அங்கே அடுத்து யார் பாட்டு வருது?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். தெரிந்தாலும் சொல்லாதீர்கள். "அது வெளிவராத விஷயம், மன்னிக்கணும்" போதும். இன்று அவர்களுடையதைக் கொட்டினால், நாளை இவர்களுடையதையும் கொட்டுவீர்கள்.

ஸ்டூடியோ வேலை என்றால்

பேச்சை விடக் கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு கேபிளைக் கொடுத்துச் சுற்றச் சொல்வார்கள். முழங்கையில் சுற்றினால் உள்ளே முறுக்கு ஏறிக் கம்பி கெடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்ளாக என்று மாற்றி மாற்றிச் சுற்றினால், வீசும்போது சிக்காமல் விரியும். வீட்டில் கயிற்றை வைத்துக்கூடப் பழகலாம். 48 வோல்ட் பட்டன் (ஃபேன்டம் பவர்) எதற்கு, அதைப் பழைய ரிப்பன் மைக்கில் ஏன் யோசிக்காமல் போடக்கூடாது என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 7: நீங்கள் கேட்க வேண்டியது

"முதல் மூன்று மாதம் என் மேசைக்கு என்ன வேலை வரும்?" "ராத்திரி, வார இறுதி வேலை உண்டா?" "சம்பளம் எவ்வளவு?" மூன்றாவதைக் கேட்கப் பலருக்கு வாய் வராது. இந்தத் துறையில் ஆசையைக் காட்டிச் சும்மா வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளம் கிடையாது என்றால் எத்தனை நாளைக்கு, அதற்குப் பிறகு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வெளியே வந்து, அன்றைக்கே நன்றி சொல்லி நாலு வரி மெயில். அனுப்பும் முன் பெயரை ஒருமுறை சரிபாருங்கள். ஷீட்டில் எல்லாப் பிழையையும் பிடித்த ஒரு பெண் மெயிலில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். வேலைக்கு எடுத்துக்கொண்டோம், ஆனால் ஆபீஸில் ஒரு வருடம் எல்லோரும் என்னை அந்தத் தப்பான பெயரில்தான் கூப்பிட்டார்கள்.