காகிதப்பூவுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

நர்சரியில் வாங்கும்போது இலையே தெரியாமல் பூத்திருந்த காகிதப்பூச் செடி (போகன்வில்லா), வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதமே வெறும் பச்சையாக நிற்கும். “நல்லாத்தானே பாத்துக்கறேன், தினமும் தண்ணி ஊத்தறேனே” என்பார்கள். அந்தத் ‘தினமும்’தான் சிக்கல்.

விவசாயிகள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். மண் ஒரு முறை காய வேண்டும், அப்புறம்தான் அடுத்த தண்ணீர். போகன்வில்லாவுக்கு இது அப்படியே பொருந்தும். வேர் கொஞ்சம் காய்ந்தால்தான் மொட்டு வைக்கும். ஈரத்திலேயே இருந்தால் இலையாகத் தள்ளிக்கொண்டே போகும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக மண் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். ஊற்றுகிற அன்று தொட்டியின் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள்.

இலை தொங்கினாலே தாகம் என்று நினைப்பது அடுத்த தவறு. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு இலை துவளத்தான் செய்யும். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே தொங்குகிறது என்றால்தான் பயப்பட வேண்டும். ஐப்பசி மழையில் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை எடுக்க மறந்து, நான் ஒரு செடியை இழந்திருக்கிறேன். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் வேறு ஊற்றினேன். கடைசியில் கவிழ்த்துப் பார்த்தால் சாக்கடை நாற்றம். வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி நார் மட்டும் மிச்சம்.

அதற்காகப் புதுச்செடியைக் காயப் போட்டுவிடாதீர்கள். வறட்சி தாங்கும் என்பது தரையில் நன்றாக வேர் பிடித்த செடிக்குச் சொன்னது. இப்போதுதான் நட்ட செடிக்கும், மொட்டைமாடியில் சிறு தொட்டியில் இருப்பதற்கும் கோடையில் தண்ணீர் காட்டத்தான் வேண்டும்.

தொட்டி மாற்றும்போது பழைய மண்ணை உதறி, வேரைப் பிரித்து, சுத்தமாக நடுகிறவர்கள் உண்டு. ரோஜாவுக்குச் சரி, இதற்கு ஆகாது. இதன் வேர் முறுக்குப் போல ஒடியும். நர்சரிப் பையைக் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டியும் வேண்டாம். வேர் இல்லாத மண்ணில் ஈரம் தேங்கிக் கிடக்கும். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் பூப்பதற்கு நல்லதுதான்.

உரத்தில் யூரியா பக்கம் போகவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் கொடி ஓடும், பூ வராது. மக்கிய தொழு உரம் போதும். வெயில் ஐந்தாறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். அது இல்லாத பால்கனி என்றால் வேறு செடி வாங்குங்கள், சத்தியமாக.

இன்னொன்று: வண்ணமாகத் தெரிவது இதழ் இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் குச்சி போல வெள்ளையாக நிற்கும் மூன்றுதான் நிஜப் பூக்கள். அவை முடிந்ததும் வண்ண இலைகள் வெளிறி உதிரும். அதை நோய் என்று எண்ணி மருந்து வாங்க ஓடுகிறார்கள். உண்மையில் அது கவாத்துக்கான, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கான நேரம். பூ வருவது புதுத் துளிரில்தான் என்பதால், வெட்ட மனம் வராமல் விட்ட செடி நீளமாக ஓடி நுனியில் மட்டும் பூக்கும். மொட்டுக் கட்டியிருக்கும்போது வெட்டினாலோ அந்தச் சுற்றுப் பூ மொத்தமும் குப்பைக்குப் போகும். உதிர்ந்து முடிந்ததும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; முள் செருப்பையே துளைக்கும், வெட்டிய குச்சிகளைத் தரையில் போட்டு வைக்காதீர்கள்.